பி என்பவருக்கு

பி,
உனக்கு முகம் தர எனக்கு அனுமதி இல்லை.
வயது, ஊர், கோட்டின் நிறம், எதுவும்.
ஏ என்பவர் கடைக்காரர். நீ பால் வாங்க வருகிறாய்.
படியில் பனி உறைந்திருக்கிறது.
விழுகிறாய்.
பதினோரு ஆண்டுகளாக உன்னை விழவைப்பதுதான் என் தொழில்.

பிலடெல்பியாவில், மூன்றாம் மாடியில், என் மேசைமேல்
ஐம்பது மாநிலங்களின் குளிர்காலம்
தீர்ப்புகளாகக் குவிந்து கிடக்கிறது.
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பதில் ஒரு நீதிபதி எழுதினார்:
வானம் கொட்டியதற்கு மனிதன் பொறுப்பல்ல.
மலைக்கு இந்தப் பக்கம் இன்னும் அதுவே வேதவாக்கு.
அந்தப் பக்கம் வேறொருவர்:
கதவைத் திறந்து வைத்தவன் படியையும் பார்க்க வேண்டும்.
சில மாநிலங்கள் இரண்டையும் சொல்லிவிட்டுத்
தூங்கப் போய்விட்டன.

எல்லாவற்றையும் படித்து, புடைத்து, உமி நீக்கி
நான்கு வரியில் நூற்பா. அதன் கீழ் உரை.
உரைக்கும் கீழே எடுத்துக்காட்டு.
அங்கேதான் நீ குடியிருக்கிறாய், ஏழாம் எண்ணில்.

நாங்கள் எழுதுவது சட்டம் அல்ல, பி.
சட்டம் சொல்ல வந்தது இதுதான் போலும் என்று
இன்னொருமுறை சொல்லிப் பார்ப்பது.
எந்த நீதிபதியும் எடுத்துக்கொள்ளலாம்.
பீச் பழத்தைப்போல் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்
திரும்பக் கூடையில் வைத்துவிட்டும் போகலாம்.

மே மாதக் கூட்டம். ஓட்டல் மண்டபம்.
முந்நூறு பேர், கழுத்தில் அட்டை, கையில் என் வரைவு.
'இயற்கையாகச் சேர்ந்த பனி' என்பதில்
இயற்கை எங்கே முடிகிறது என்று ஒன்றரை மணி நேரம்.
பெய்த பனி இயற்கை. சரி.
அதை மிதித்த பூட்ஸ்?
மிதித்த தடத்தில் பகலில் உருகி
இரவில் இறுகிய கண்ணாடி?
மேய்ன் மாநிலத்து ஓய்வுபெற்ற நீதிபதி ஆம்ப்ரோஸ் திபோடோ
ஒலிவாங்கியைத் தட்டிவிட்டுச் சொன்னார்:
"என் நீதிமன்றப் படியில் உப்புத் தூவியவன் ஒரு கைதி.
அவன் விடுதலையான மறுநாள் நானே வழுக்கினேன்.
யார்மீது வழக்குப் போட? சூரியன்மீதா?"
மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள்
ஒரு காற்புள்ளி இடம் மாறியது. கைகள் உயர்ந்தன.
நிறைவேறியது.

உன் வரியை யாரும் தொடவில்லை.
"பி, பனியைக் கவனியாமல், படியில் கால் வைக்கிறார்."
கவனியாமல்.
சட்டத்துக்காக அல்ல, ஓசைக்காகச் சேர்த்தேன்.
அது இல்லாமல் வாக்கியம் நொண்டியது.

மூன்று குளிர்காலம் கழித்து டலூத்திலிருந்து ஒரு தீர்ப்பு.
அதில் உனக்குப் பெயர் இருந்தது: வெனீஷியா புருஷின்ஸ்கி.
அறுபத்தொரு வயது. சலவை ஆலையில் மாலை வேலை.
மருந்துக்கடையின் வெளிப்படி. இடுப்பெலும்பு.
எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என் புத்தகத்தை விரித்திருக்கிறார்:
எடுத்துக்காட்டில் வரும் பி பனியைக் கவனிக்கவில்லை.
இந்தப் பெண்மணியோ கவனித்தேன் என்கிறார்.
நீதிபதிக்கு அது தெளிவாக இருந்தது.
தெளிவு.
அதற்குத்தானே எனக்குச் சம்பளம்.

சாட்சியத்தை வரவழைத்துப் படித்தேன். பக்கம் நாற்பத்திரண்டு.
கேள்வி: பனி தெரிந்ததா?
பதில்: தெரிந்தது.
கேள்வி: பிறகு ஏன் இறங்கினீர்கள்?
பதில்: வேறு வாசல் இல்லை. பேருந்து பதினொன்று பத்துக்கு.
அதற்குப் பிறகு காலையில்தான்.

இன்றிரவு எட்டாம் எண்ணை எழுதுகிறேன்.
பி பனியைப் பார்க்கிறார்.
பார்த்தும் கால் வைக்கிறார்.
கடைசிப் பேருந்து வரும் நேரம்.
இதில் ஓசை இல்லை. இல்லாமலே இருக்கட்டும்.
இது டலூத்துக்குத் திரும்பிப் போகாது,
அந்தக் கோப்பைத் திறக்காது. தெரியும்.

மே மாதம் யாராவது எழுந்து கேட்பார்கள்:
"பேருந்து எதற்கு? விதிக்கு அது தேவையா?"
என் நாற்காலியிலிருந்து ஒலிவாங்கிக்குப் பதினெட்டு அடி.
அதை நடந்து கடப்பதற்குள்
எனக்கு ஒரு பதில் வேண்டும், பி,
உன் பெயரைச் சொல்லாமல்.